கையில் எரிச்சல், கழுத்தில் காரணம்: நசுங்கிய நரம்பும் பிசியோதெரபியும்

கிளினிக் வாங்கில் அந்த அக்கா வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த மாமியார் இரண்டு மூன்று தடவை அந்தக் கையைத் தட்டிவிட்டார். "தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காராதன்னு எத்தன வாட்டி சொல்றது? குடும்பத்துக்கு ஆகுமா?" அக்கா கையை இறக்குவார். ஒரு நிமிடம்கூட ஆகாது, முகம் சுருங்கும், கை மறுபடி தலைக்குப் போய்விடும்.

அவர் உள்ளே வருவதற்கு முன்பே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. கழுத்தில் நரம்பு நசுங்கியவர்களில் பலர் தங்களை அறியாமலே இப்படித்தான் உட்காருவார்கள். கை தலைக்கு மேல் போனதும், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பின் இழுப்புத் தளர்கிறது, வலி தணிகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது. மாமியாரிடம் அதைச் சொல்லி, "கை அங்கேயே இருக்கட்டும் அம்மா" என்றேன்.

இலங்கை மலையகத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கழுத்து நரம்பால் வரும் வலியோடு வருகிறவர்களில் அதிகம் பேர் கழுத்தைக் காட்டுவதில்லை, கையைக் காட்டுகிறார்கள். இந்த அக்காவும் அப்படித்தான். "நடுவெரல்ல எறும்பு ஊறுது மிஸ். தோள்ல இருந்து கரண்டு அடிச்ச மாதிரி சுரீர்னு எறங்குது. ராத்திரி தூக்கமே இல்ல." இரண்டு மாதமாக இருக்கிறதாம். முதலில் வாயு என்று நினைத்துப் பூண்டு சாப்பிட்டிருக்கிறார். பிறகு பாம் தேய்த்திருக்கிறார். பிறகு சுளுக்கு வழிக்கிறவரிடம் போய்க் கையைத்தான் வழித்துக்கொண்டு வந்திருக்கிறார். வலி இருக்கும் இடம் கை என்பதால் எல்லாரும் கையையே பார்த்திருக்கிறார்கள்.

கழுத்துக்குள் என்ன நடக்கிறது

கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. முதல் இரண்டைத் தவிர, ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு தட்டு இருக்கிறது. டிஸ்க் என்று டொக்டர் சொல்வது இதைத்தான். சுற்றிவர உறுதியான நார். நடுவில் கொழகொழப்பான பகுதி. எலும்புகளின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஜன்னல் மாதிரித் துவாரங்கள். தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்புகள் அந்த ஜன்னல்கள் வழியாக வெளியே வந்து தோளுக்கும் கைக்கும் விரல்களுக்கும் போகின்றன. கழுத்தில் எலும்பு ஏழுதான் என்றாலும் நரம்பு எட்டுச் சோடி.

அந்த ஜன்னல் ஒடுங்கினால் நரம்பு நசுங்கும். இளவயதினருக்குப் பெரும்பாலும் டிஸ்க்கின் நடுப்பகுதி பிதுங்கி நரம்பில் முட்டுவதால் இது நடக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு டிஸ்க் வற்றி, எலும்பின் ஓரங்களில் முள் மாதிரி வளர்ந்து, ஜன்னல் மெல்ல மெல்ல அடைபடுகிறது. இரண்டிலும் நரம்பைச் சுற்றி அழற்சியும் வீக்கமும் வரும். வலியில் பெரும்பங்கு இந்த அழற்சியால்தான். ஆகவே பிதுங்கிய டிஸ்க் அப்படியே இருக்கும்போதும், வீக்கம் வடிந்தாலே வலி இறங்கிவிடுகிறது. பிதுங்கிய பகுதியையும் உடம்பு பல பேரிடம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது.

எந்த விரல் மரத்துப்போகிறது என்பதை வைத்தே எந்த நரம்பு என்று ஓரளவு ஊகிக்கலாம். பெருவிரல் பக்கம் என்றால் ஆறாவது நரம்பு. நடுவிரல் என்றால் ஏழாவது. சின்ன விரல் என்றால் எட்டாவது. அதிகம் மாட்டிக்கொள்வது ஏழாவது, அதற்கடுத்தது ஆறாவது. ஏழாவது நரம்பு பாதித்தால் கையின் பின்பக்கச் சதை பலமிழக்கும். எதையும் தள்ளவோ அழுத்தவோ முடியாது. அக்காவிடம் கேட்டேன், "ரொட்டிக்கு மாவு பெசையிறப்ப எப்படி இருக்கு?" அவர் மாமியாரைப் பார்த்தார். "ரெண்டு மாசமா மாமிதான் பெசையிறாங்க மிஸ். என் கை அமுங்க மாட்டேங்குது." அது எனக்கு எந்தப் படத்தையும்விடத் தெளிவான தகவல்.

படம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் "டிஸ்க் பிதுங்கியிருக்கு" என்று துண்டில் கண்டதும் பலர் வாழ்க்கையே முடிந்துபோனதாக நினைத்துவிடுகிறார்கள். ஜப்பானில் கழுத்தில் ஒரு தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் கிட்டத்தட்ட 88 சதவீதமானோருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அத்தனை பேரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. படமும், உங்கள் வலியும், நாங்கள் தொட்டுப் பார்ப்பதும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

நம் மலையில் கழுத்துக்கு வரும் சுமை

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து நிற்கும்போது எலும்புகள் அதைத் தாங்கும். குனியக் குனிய பின்கழுத்துச் சதைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். தையல் மெஷினில் குனிந்திருக்கும் தங்கைக்கும், கொழும்புக் கடையில் கணக்குப் பார்க்கும் தம்பிக்கும், போனில் மூழ்கியிருக்கும் எல்லாருக்கும் இது பொது.

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இதோடு இன்னொன்று சேருகிறது. கூடையோ சாக்கோ, அதன் கயிறு தலையில் தொங்குகிறது. காலையில் காலியாகத்தான் இருக்கும். பறிக்கப் பறிக்கக் கனம் ஏறும். மழை நாளில் ஈரக்கொழுந்து இன்னும் கனக்கும். அந்தப் பாரம் தலைவழியாகக் கழுத்தெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்துகிறது. பிறகு நிறுக்கும் இடத்துக்கு ஏற்றத்தில் நடக்கிறார்கள். உடம்பு முன்னால் சாய்ந்திருக்க, பாதை தெரிவதற்காகத் தாடையைத் தூக்குகிறார்கள். கழுத்து பின்னால் மடியும்போதுதான் அந்த ஜன்னல்கள் ஒடுங்குகின்றன. ஏற்கெனவே நசுங்கியிருக்கும் நரம்புக்கு மேலே அழுத்தமும் பின்னால் மடிப்பும் ஒரே நேரத்தில் வருகின்றன. நாங்கள் நோயைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்வோம்: தலையைப் பின்னும் பக்கமும் சாய்த்து, உச்சியில் மெதுவாக அழுத்துவோம், வலி கைக்கு ஓடினால் நரம்பு நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் அம்மாமார் ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறும்போது அந்தச் சோதனையைத்தான் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

கூடை தூக்கும் எல்லாருக்கும் இந்த வலி வருவதில்லை. கூடையைத் தொடாத பலருக்கும் வருகிறது. வயதும் சேரும், புகைத்தலும் சேரும். ஆனால் வந்த பிறகு எதைக் குறைக்க வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் கயிற்றைத்தான் காட்டுவேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். அவருடைய உச்சந்தலையில் கயிறு பதிந்த இடத்தில் முடி மெலிந்திருக்கும். சின்ன வயதில் பேன் பார்க்கும்போது அந்தத் தடத்தில் என் விரல் ஓடும்.

முதல் நாள் நாங்கள் என்ன செய்வோம்

கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்வோம். வலிக்கும் பக்கம் திரும்புவது குறைந்திருக்கும். பஞ்சால் விரல்களைத் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்போம். சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டுவோம். கையால் தள்ளச் சொல்லி, இழுக்கச் சொல்லிப் பலம் பார்ப்போம். பிறகு படுக்கவைத்து, தலையை இரண்டு கையாலும் ஏந்தி மெதுவாக மேல்நோக்கி இழுப்போம். அக்காவுக்கு அப்படி இழுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப இல்ல மிஸ். வெரல்ல ஒண்ணுமே இல்ல." விட்டதும் வந்துவிட்டது. ஆனால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் நரம்பு ஆறுதலடையும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

கையில் மரத்துப்போவதெல்லாம் கழுத்து நரம்பு ஆகாது. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் இரவில் விரல்கள் மரக்கும், உதறினால் சரியாகும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வேறு விதமாக வரும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல் இவற்றோடு இடது கை வலித்தால் அது இதயமாக இருக்கலாம். அப்போது பிசியோதெரபியைப் பற்றி யோசிக்கக்கூடாது, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும்.

சிகிச்சை

வருகிறவர்களில் பாதிப் பேர் "கரண்ட் வைங்க மிஸ்" என்றுதான் கேட்பார்கள். தோலில் ஒட்டி மெல்லிய மின்துடிப்புக் கொடுக்கும் அந்த மெஷின் வலியைக் கொஞ்ச நேரம் மறக்கச் செய்யும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. சூட்டு ஒத்தடமும் அப்படித்தான்: இறுகிய சதை தளரும், உடற்பயிற்சி செய்ய இலகுவாகும். நுவரெலியாக் குளிரில் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, மரத்துப்போன இடத்தில் அதை வைக்காதீர்கள். சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

உண்மையான வேலை மூன்று விஷயங்களில் இருக்கிறது.

முதல் ஓரிரு வாரம், வலி உச்சத்தில் இருக்கும்போது, நரம்புக்கு இடம் கொடுக்க வேண்டும். அண்ணாந்து பார்ப்பதையும், வலிக்கும் பக்கம் கழுத்தைச் சாய்ப்பதையும் தவிர்க்க வேண்டும். உட்காரும்போது கைக்கு அடியில் ஒரு தலையணை. தேவைப்பட்டால் கையைத் தலைமேல் வைக்கலாம், மாமியார்கள் மன்னிக்கட்டும். பக்கவாட்டில் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பள்ளம் நிரம்பும் அளவுக்கு ஒரு தலையணை போதும். சேலையை மடித்துச் சுருட்டி வைத்தாலும் சரி. கழுத்துப்பட்டி சிலருக்கு உதவும். நெதர்லாந்தில் 205 பேரிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், வலி தொடங்கி ஒரு மாதத்துக்குள் வந்தவர்களில், சில வாரம் பட்டி போட்டு ஓய்வெடுத்தவர்களுக்கும், பிசியோதெரபி எடுத்தவர்களுக்கும், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களைவிட வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் பட்டியை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் கழுத்துச் சதை சோம்பிப்போகும். இந்தக் காலத்தில் நாங்கள் கையாலோ மெஷினாலோ கழுத்தை அளவாக இழுத்துக்கொடுப்பதும் உண்டு. எல்லாருக்கும் அது பலன் தருவதில்லை; முதல் நாள் இழுத்தபோது சுகம் கண்டவர்களுக்கே நான் அதைத் தொடர்கிறேன்.

இரண்டாவது, நரம்பை நழுவ விடுவது. பாவாடைக்கு நாடா கோர்த்திருக்கிறீர்கள்தானே. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் இழுத்தால் நாடா விறைத்துக்கொள்ளும். ஒரு முனையை இழுத்து மறுமுனையை விட்டால் உள்ளே வழுக்கிக்கொண்டு ஓடும். நரம்பும் அப்படித்தான். கையைப் பக்கவாட்டில் தாழ்வாக விரித்து, முழங்கையை மெதுவாக நீட்டும்போது தலையை அதே கைப் பக்கம் சாய்க்க வேண்டும்; முழங்கையை மடக்கும்போது தலையை மறுபக்கம் சாய்க்க வேண்டும். ஒரு முனையில் இழுப்பு, மறு முனையில் தளர்வு. பத்துத் தடவை, ஆறுதலாக. வலிக்கும் பக்கம் சாய்ப்பது கொஞ்சமாக, சுகமாக முடிகிற அளவுக்கு மட்டும். வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் இதைத் தொடங்க வேண்டாம். முதல் தடவை யாராவது பிசியோதெரபிஸ்ட் பக்கத்திலிருந்து பார்ப்பது நல்லது.

மூன்றாவதுதான் நீண்ட வேலை: கழுத்தின் ஆழத்திலுள்ள சின்னச் சதைகளையும், தோள்பட்டையைப் பின்னால் பிடித்து வைத்திருக்கும் சதைகளையும் பலப்படுத்துவது. மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் மடித்த துவாயை வைத்து, யாரோ கேட்டதற்குச் "சரி" என்று லேசாகத் தலையசைக்கிற மாதிரித் தாடையை உள்ளே இழுக்க வேண்டும். தலை துவாயை விட்டு எழும்பக்கூடாது. பத்து வினாடி பிடித்து விடவேண்டும், பத்துத் தடவை. பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். முதல் நாள் நாலாவது தடவையிலேயே அக்காவின் கழுத்து நடுங்கத் தொடங்கியது. அடுத்தது, இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் ஒன்றையொன்று தொடவைப்பது போல இழுத்து ஐந்து வினாடி பிடிப்பது. இதைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றபடியே செய்யலாம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் காத்திருக்கும்போதும் செய்யலாம்.

எதைச் செய்தாலும் ஒரே அளவுகோல்: வலி விரலிலிருந்து மேலே ஏறி, முழங்கை, தோள், கழுத்து என்று சுருங்கினால் நல்ல சகுனம். கழுத்தில் கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். வலி கீழே இறங்கி விரல்களுக்குப் பரவினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? பெரும்பாலானவர்களுக்கு நாலு முதல் ஆறு மாதத்துக்குள் நன்றாகவே குறைந்துவிடும். அமெரிக்காவில் ரொச்செஸ்டர் நகரத்தில் 561 பேரைப் பின்தொடர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதமானோருக்குத் தொந்தரவு இல்லை, அல்லது சிறிதளவே இருந்தது. அவர்களில் நாலில் ஒரு பங்கினருக்குச் சத்திரசிகிச்சையும் செய்யப்பட்டிருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. வலி முதலில் போகும், பலம் பிறகு வரும், மரத்துப்போனது கடைசியில்தான் விலகும்.

செய்யக்கூடாதவை

சலூனில் முடி வெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்துச் சடாரென்று திருகி நெட்டி எடுப்பதை நிறுத்துங்கள். கழுத்தெலும்புகளின் வழியாக மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் போகின்றன. அந்தத் திருகலில் குழாயின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. சுளுக்கு வழிக்கிறவரிடம் தோளையோ முதுகையோ மெதுவாகப் பிடித்துவிடச் சொன்னால் நான் தடுக்க மாட்டேன். கழுத்தைத் திருப்ப மட்டும் விடாதீர்கள். கயிறு கட்டிக் கழுத்தைத் தானாக இழுத்துக்கொள்வது கொலைத்தனம். ஒருவர் அப்படிச் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்தது. சிகிச்சையைவிட முதலில் அவரை உட்காரவைத்து, வேறு ஏதும் மனக்கஷ்டமா என்று கேட்க வேண்டியிருந்தது.

சில அடையாளங்கள் தெரிந்தால் பிசியோதெரபிக்குக் காத்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவது, கையிலிருந்து சாமான் நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாதது: இவை நரம்போடு நிற்காமல் தண்டுவடமே நெருக்கப்படுவதற்கான அறிகுறிகள். நாளுக்கு நாள் கை பலமிழந்துகொண்டே போவது, விழுந்ததற்கோ விபத்துக்கோ பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, முன்பு புற்றுநோய் இருந்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் அப்படித்தான்.

நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை. முதலில் டொக்டரிடம் காட்டித் துண்டு வாங்கி வர வேண்டும். தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஒரு நாள் பேரையும், அதாவது அன்றைய சம்பளத்தையும், இழந்து நிற்பவர்களிடம் வாரம் மூன்று தடவை வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே வருகிற அன்றைக்கே பயிற்சிகளைச் செய்து காட்டச் சொல்லி, கூட வந்தவர் போனில் படம் பிடித்துக்கொண்டு போகச் செய்வேன். வீட்டில் தினமும் இரண்டு வேளை செய்கிறவர், மாதம் இரண்டு தடவை வந்தாலும் தேறிவிடுகிறார். வேலையைப் பற்றி டொக்டரிடம் பேசுங்கள். சில வாரத்துக்குப் பாரம் தூக்காத வேலை என்று எழுதித் தரக் கேட்கலாம். கூடை நிறையும் வரை சுமக்காமல் அடிக்கடி இறக்கிக் கொட்ட முடியுமானால் அப்படிச் செய்யுங்கள். முடிந்தால் பாரத்தைத் தலையிலிருந்து இரண்டு தோளுக்கும் மாற்றுங்கள்.

அந்த அக்கா எட்டாவது வாரம் வந்தபோது இரவில் தூங்குகிறேன் என்றார். நடுவிரல் நுனியில் மட்டும் இன்னும் மரப்பு. மாவு பிசைகிறாராம், பாதி மாவு அவர், மீதி மாமி. "கூடைய எப்ப மிஸ் தூக்கலாம்?" என்று கேட்டார். தோள்பட்டி வைத்துத் தைத்த ஒரு பையை அவரே கொண்டுவந்திருந்தார். அதற்குள் 3 கிலோ மணல் மூட்டையை வைத்து, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னேன். தாடையைத் தூக்காமல், கண்ணை மட்டும் உயர்த்திப் படியைப் பார்த்து ஏறினார். மேல்படியில் நின்று விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தார். வலி இறங்கவில்லை. கிளினிக் புத்தகத்தில் அடுத்த திகதியைக் குறித்து, பக்கத்தில் "5 கிலோ" என்று எழுதிக் கொடுத்தேன்.